குருவி வீட்டுப் பிரேக்கர்

அந்த மாதம் முழுவதும் பிரேக்கர் விழவே இல்லை. வைத்தியலிங்கத்துக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். யோகம் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டே அலைந்தாள்.

முன்பெல்லாம் அது விழும். மூவார் பழைய டவுனில் ஆற்றோரம் இருந்த அவர்களுடைய மூன்று தட்டுக் கடைவீட்டில், கீழ்த்தட்டில் புருஷன் பெண்டாட்டி இருவரும் குடியிருந்தார்கள். மேலே இரண்டு தட்டும் குருவிக்கு; அங்கிருந்து பின்சந்துக்கு இறங்கத் தனியாக ஒரு பின்படியும் உண்டு. ஜன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளே இருட்டாக்கி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் கட்டி, குருவி கத்துவதைப் பதிவுசெய்து பகலும் இரவும் ஓடவிட்டிருந்தார் வைத்தியலிங்கம். வாலெட் குருவிகள் அந்தச் சத்தத்தை நம்பி, தம் இனம்தான் கூப்பிடுகிறது என்று உள்ளே வரும். வந்து, தொண்டையிலிருந்து எச்சிலை இழுத்து இழுத்து உத்தரத்தில் ஒட்டிக் கூடு கட்டும். அந்தக் கூட்டைப் பிய்த்துக் கழுவிச் சூப் வைத்துக் குடிக்க ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. வைத்தியலிங்கமே கற்கண்டு போட்டுக் காய்ச்சி, கரண்டியால் அள்ளி, கொழகொழவென்று விழுங்குவார். அவர் அதை விழுங்கும்போது யோகம் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். எச்சிலைத் தின்பதற்கு ஒரு மனுஷனுக்கு என்ன தலையெழுத்து!

குருவிக்கு ஈரம் வேண்டும் என்று பனிப்புகை விடும் மிஷின், ஸ்பீக்கர், காற்றாடி எல்லாம் ஒரே ஒயரில் ஓடின. மூன்றும் சேர்ந்து இழுக்கும்போது ஒயருக்குத் தாங்காது. உடனே மாடிப்படிக்கு அடியில் இருந்த மெயின் போர்டில் பிரேக்கர் டக்கென்று விழும். யோகம் அடுப்படியிலிருந்து வந்து அதை மேலே தள்ளிவிட்டுப் போவாள். கடைசியில் இந்தப் பிரேக்கரையே மாற்றிவிடுகிறேன் என்று கிளம்பினார் வைத்தியலிங்கம். காய்ச்சல் வந்தால் உடம்பில் எங்கேயோ கோளாறு என்று அர்த்தம், தெர்மாமீட்டரைத் தூக்கி எறிந்தால் காய்ச்சல் போய்விடுமா என்று அவள் கேட்டுப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள், அவளுக்கு அப்படித்தான் பேச வரும். அவர் கேட்கவில்லை. ஹார்ட்வேர் கடையில் மூன்று மடங்கு பெரிய பிரேக்கராகப் பார்த்து வாங்கி, தன் கையாலேயே மாட்டிவிட்டார். ஒயர் அதே பழைய ஒயர். இனிமேல் விழவே விழாது பார் என்று மார்தட்டிக்கொண்டார்.

அது விழவும் இல்லை. அதற்குப் பிறகுதான் நாற்றம் இறங்க ஆரம்பித்தது.

குருவி எச்சத்தின் காரமான நாற்றம் எப்போதும் உள்ளதுதான். அதற்கு மூக்கு பழகிவிட்டது. இது வேறு. பிளாஸ்டிக் கருகும் வாடையும், அதற்கு அடியில் இனிப்பாக, கெட்டியாக இன்னொன்றும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியைப் புரட்டிப் போடும்போது முதுகுப் புண்ணிலிருந்து ஒரு வாடை வருமே, அது. வார்டில் எத்தனையோ புண்களுக்கு முகம் சுளிக்காமல் மருந்து வைத்தவள், தன் சொந்த வீட்டுக் கூரையைப் பார்த்துச் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டாள். படுக்கப் போனால் தலையணையில் அந்த வாடை. பல் தேய்த்தால் பிரஷ்ஷில் அந்த வாடை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை கொட்டிக்கொண்டிருந்தது. குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தவள், மேலேயிருந்து ஒரு நூல் தொங்குவதைப் பார்த்தாள். மச்சுப் பலகையின் இடுக்கிலிருந்து புறப்பட்டு, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி பளபளத்துக்கொண்டு, நீண்டு நீண்டு, நேராகக் குழம்பின் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒட்டடை என்று விரலால் எடுக்கப் போனாள். சீ! வெதுவெதுப்பாக இருந்தது. எடுக்க எடுக்க அறுபடாமல் வந்தது, விரலில் சுற்றிக்கொண்டது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. கத்தியால்தான் சுரண்ட வேண்டியிருந்தது. குழம்பைச் சட்டியோடு கொண்டுபோய்ப் பின்சந்தில் கவிழ்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். யாழ்ப்பாணத்தைக் கண்ணால்கூடக் காணாதவள், ஆனால் புருஷனைக் கூப்பிட அவள் அம்மா கூப்பிட்ட அந்த வார்த்தைதான் அவளுக்கு வரும். "மேல என்னமோ எரியுது. இப்பவே போயிப் பாருங்க. இல்லைன்னா நான் ஜேபி டவுன்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருவேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறினார். கொஞ்ச நேரத்தில் சட்டையெல்லாம் எச்சத்தோடு இறங்கி வந்தார். மேல்தட்டில் ஒயர் ஜாயின்ட் ஒன்று உருகிப் போயிருக்கிறதாம். கருகிய தோலை உரித்துவிட்டு டேப் சுற்றினால் முடிந்தது என்றார். முகம் என்னவோ வெளுத்திருந்தது. அங்கே குருவி ஒன்றையும் காணோம் என்று ஒரு வார்த்தை சொன்னார். மழைக்கு எங்காவது ஒதுங்கியிருக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

கரண்டு வேலை என்றால் அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. முன்பு ஒருமுறை அவர் ஒயரைப் பிடித்திருக்கும்போது, கீழே வந்த யாரோ பிரேக்கரைத் தள்ளிவிட, அவர் சுவரில் போய் விழுந்து தோள்பட்டை இறங்கியது. அதிலிருந்து, ஒருவர் மேலே ஒயரைத் தொட்டால் இன்னொருவர் கீழே பிரேக்கரை இறக்கி, அதன் மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். மேலே இருப்பவர் வாயால் சொன்னால்தான் போட வேண்டும். அதுவரை இடி விழுந்தாலும் நகரக் கூடாது. யோகம் பிரேக்கரை இறக்கினாள். விரலை வைத்தாள். அவர் உயிர் அந்த விரலுக்கு அடியில் இருக்கிறது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஸ்பீக்கர் நின்றது. வருஷக்கணக்காக ஓடிய கீச்சுக் கீச்சு நின்றதும் காது அடைத்தாற்போல் ஆனது. தகரத்தில் மழை. படியில் அவர் செருப்பு. ஏணியை இழுக்கும் சத்தம். இருமல். என்னவோ சொல்வது போல் இருந்தது, மழையில் சரியாகக் கேட்கவில்லை. பிறகு செருப்புச் சத்தமும் இல்லை.

அவள் நின்றாள். கால் மாற்றி நின்றாள். கைவிரலில் அந்த நூல் ஒட்டிய இடம் அரித்தது. மோந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே மோந்து பார்த்தாள்.

அப்போது மேலே குருவிச் சத்தம் கேட்டது.

முதலில் சன்னமாக. அப்பாடா, குருவிகள் திரும்பிவிட்டன என்றுதான் நினைத்தாள். சத்தம் கூடியது. கீச்சுக் கீச்சு, கிர்ர், கீச்சுக் கீச்சு. பிறகு, அந்தச் சத்தத்துக்கு நடுவில், தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன். யோகம் காதைத் தீட்டிக்கொண்டாள். அந்த ஹாரன் பதிவிலேயே இருப்பது. எவனோ பதிவுசெய்யும்போது தெருவில் போனவன் அடித்த ஹாரன், அது நாள் முழுக்க அதே இடத்தில் வந்து அவள் உயிரை வாங்கும். அப்படியென்றால் இது உயிருள்ள குருவி இல்லை. ஸ்பீக்கர். குனிந்து பார்த்தாள். பிரேக்கர் கீழேதான் இருந்தது. அவள் விரலும் அதன் மேல்தான் இருந்தது.

"சரியாயிருச்சு," என்று வைத்தியலிங்கத்தின் குரல் மேலேயிருந்து வந்தது. ஒரு இருமல். "போட்டுரு."

அவளுக்கு உயிர் வந்தது. விரல் தானாகப் பிரேக்கருக்கு அடியில் போய்விட்டது. இருந்தாலும் பழக்கத்தில், போடட்டுமா என்று உரக்கக் கேட்டாள்.

"சரியாயிருச்சு." இருமல். "போட்டுரு."

டேப் நன்றாகச் சுற்றினீர்களா, ஏணியிலிருந்து இறங்கிவிட்டீர்களா என்று கேட்டாள்.

"சரியாயிருச்சு." இருமல். "போட்டுரு."

அதே இருமல். அதே இடத்தில். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யோகம் விரலைப் பிரேக்கருக்கு மேலே மாற்றி அழுத்திக்கொண்டாள். வாயில் உமிழ்நீர் ஊறி ஊறி வந்தது, விழுங்கப் பிடிக்கவில்லை. தன் எச்சிலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு நர்ஸ் புத்தி வேலை செய்தது. பக்கவாதம் வந்தவர்கள் இப்படிப் பேசுவதை அவள் வார்டில் பார்த்திருக்கிறாள். என்ன கேட்டாலும் ஒரே வார்த்தை. பெயரைக் கேட்டாலும் அது, வலிக்கிறதா என்று கேட்டாலும் அது. இவருக்கு ரத்த அழுத்தம் வேறு, மாத்திரையை ஒழுங்காகப் போடுவதும் கிடையாது. ஏணியில் நின்றபடியே வந்திருந்தால்? வாய் கோணி, கை விழுந்து, உரித்துவைத்த ஒயரின் மேல் சாய்ந்துகொண்டு அந்த மனுஷன் இதையே சொல்லிக்கொண்டிருந்தால்?

இப்போது பிரேக்கரைப் போட்டால் அவரைக் கொன்ற மாதிரி. போடாமல் இங்கேயே நின்றாலும் கொன்ற மாதிரி. மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு நான் இங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே என்று அழுகை முட்டியது.

மருந்துப் பெட்டி பக்கத்து அலமாரியில்தான் இருந்தது. ஒரு கையால் பிரேக்கரைப் பிடித்துக்கொண்டே மறுகையால் எட்டி, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டர் சுருளை எடுத்தாள். பல்லால் கிழித்து, இறங்கிய பிரேக்கரின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினாள். சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள்.

படி வழவழத்தது. போன வாரம்தான் தேய்த்துக் கழுவிய படி. இப்போது ஒவ்வொரு படியிலும் பசை, காலைத் தூக்கும்போது செருப்பு சப்பென்ற சத்தத்தோடு பிரிந்தது. கைப்பிடியிலும் பசை. அதில் கரப்பான் பூச்சிகள் ஒட்டிக்கொண்டு மீசையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. நடுத்தட்டில் கும்மிருட்டு. எச்சம் கணுக்கால்வரை மெத்தென்று கிடந்தது. அதற்கு அடியில் சின்னச் சின்ன எலும்புகள் நெரிந்தன. ஒரு கூட்டைத் தாண்டும்போது முகத்தில் நூல் பட்டது. துடைத்தாள். உதட்டில் இழுபட்டது. கடவுளே, உப்புக் கரித்தது.

"சரியாயிருச்சு." இருமல். "போட்டுரு."

"வந்துட்டேங்க," என்றாள். "கையை எதுலயும் வைக்காதீங்க. வந்துட்டேன்."

மேல்தட்டில் டார்ச் தரையில் எரிந்துகொண்டு கிடந்தது. வெளிச்சம் சுவரில் விழுந்தது. ஏணி உத்தரத்தில் சாய்ந்து நின்றது. கருகிய ஒயர்த்தோல் கீழே சுருண்டு கிடந்தது. மேலே, உத்தரத்தோரம், உரித்த செம்பு பளபளத்தது.

அவர் இல்லை.

மூலையெல்லாம் பார்த்தாள். ஏணிக்குப் பின்னால் பார்த்தாள். ஆள் விழுந்த தடயம் இல்லை. குரல் மட்டும் ஏணிக்கு மேலிருந்து, உத்தரத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே எப்படி ஏறினார்? சிக்கிக்கொண்டாரா? அவள் பிளாஸ்டர் சுருளை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஒரு படி. இன்னொரு படி. நாற்றம் கண்ணைக் கரித்தது. உத்தரத்துக்கு மேல் தலையை நீட்டினாள்.

கூடு. முறம் அகலத்துக்கு ஒரு கூடு.

ஒயரைச் சுற்றித்தான் கட்டியிருந்தது. ஒயர் அதன் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. கூடு ஈரமாக, வெதுவெதுப்பாக, மூச்சு விடுவது போல் உப்பி உப்பி அமுங்கியது. நடுவில் ஒரு குழி. குழிக்குள் ஈறு. பல்லில்லாத, வெளிறிய ஈறு, அதற்குள் நாக்கு மாதிரி ஒன்று புரண்டது.

"சரியாயிருச்சு," என்றது அது. இருமியது. எச்சில் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தது. "போட்டுரு."

அவள் கத்த வாயைத் திறந்தாள். மேலேயிருந்து நூல் இறங்கியது. ஒன்று. பத்து. வாய்க்குள். பல்லில், நாக்கில், அண்ணத்தில். உறைந்தது. வாந்தி தொண்டைவரை வந்து, வழியில்லாமல் திரும்பிப் போனது. ஏணி ஆடியது. விழாமல் இருக்கக் கையை நீட்டி உத்தரத்தைப் பிடித்தாள்.

பிடித்தது உத்தரத்தை அல்ல. உரித்த செம்பை.

ஒன்றும் ஆகவில்லை. கரண்டு இல்லை. கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. உள்ளங்கையும் செம்பும் பசையில் ஒட்டிக்கொண்டன. மறுகையால் இழுத்தாள். அதுவும் ஒட்டியது. கணுக்காலைச் சுற்றி ஈரமாக என்னவோ ஏறிக்கொண்டிருந்தது. மூக்கால் மூச்சு விட்டாள். நாற்றத்தை இழுத்தாள். விட்டாள். இழுத்தாள்.

கீழே பின்கதவு திறந்தது.

இருமல். நீளமாக, சளி கட்டிய, காறித் துப்பும் இருமல். நிஜ இருமல். குடையை உதறும் சத்தம். யோகத்தின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவர் உயிரோடு இருந்தார்.

"பாழாப்போன மழை லா," என்று அவர் கீழேயிருந்து சொன்னார். "ரெண்டு கடை ஏறி இறங்கித்தான் டேப் கிடைச்சுச்சு. எங்க போயிட்ட? கையை எடுக்காதன்னு சொல்லிட்டுத்தானே பின்படியால எறங்கினேன். நீயும் சரிங்க, போயிட்டு வாங்கன்னு சொன்னியே."

அவள் சொல்லவில்லை. அவள் ஒன்றுமே சொல்லவில்லை.

அந்தப் பெரிய கூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கூடு, சின்னது, உப்பியது.

"இஞ்சேருங்கோ," என்றது. யோகத்தின் குரல். அவள் அம்மாவின் அந்த இழுப்போடு. "நான் மேலதான் இருக்கேன். என்கிட்ட பிளாஸ்டர் இருந்துச்சு. அதை வச்சே ஒயரைச் சுத்திட்டேன்."

கீழே அவர் சிரித்தார். ஒயருக்கும் கட்டுப்போட்டுவிட்டாயா, நர்ஸ் புத்தி போகுமா என்றார். ஏணியிலிருந்து இறங்கிவிட்டாயா என்று கேட்டார்.

"எறங்கிட்டேன்."

யோகம் காலால் ஏணியை உதைத்தாள். உதைத்தாள். குருவிச் சத்தம் எல்லா மூலையிலிருந்தும் ஒரேயடியாகக் கிளம்பி அதை மூடியது. ஹாரன் அடித்தது. அந்த இரைச்சலுக்குக் கீழே, மெல்ல, பிளாஸ்டரை உரிக்கும் சத்தம் கேட்டது. ஒரு துண்டு. அடுத்த துண்டு. சட்டத்தை மீறாத மனுஷன், விரலை வைத்துக்கொண்டு நின்று கேட்டார்.

"போடட்டுமா?"

"போட்டுருங்க."

டக்.

விளக்கெல்லாம் எரிந்தன. அவள் உடம்பு வில்லாக வளைந்தது. பல் பல்லோடு இறுகியது. கண்ணை மூட முடியவில்லை, அதனால் எல்லாவற்றையும் பார்த்தாள். மோட்டுவளை முழுக்கக் கூடுகள். ஒவ்வொரு கூட்டிலும் ஒரு வாய். தீனி கொண்டுவந்த தாயைக் கண்ட குஞ்சுகள் போல, எல்லா வாயும் அவள் பக்கம் திரும்பி, அகலத் திறந்து, எச்சில் ஒழுக நடுங்கின. அவள் கை கருகும் வாடை எழுந்தது. பெரிய பிரேக்கர் அசையாமல் தாங்கிக்கொண்டது.

"வெளிச்சம் வந்துருச்சா?" என்று கீழேயிருந்து கேட்டார் வைத்தியலிங்கம்.

"வந்துருச்சுங்க," என்றது அவள் குரல், அன்பாக. "நீங்களும் மேல வந்து பாருங்க."

அவருடைய செருப்பு முதல் படியில் சப்பென்று ஒட்டி, விட்டு, அடுத்த படியில் ஒட்டியது.